வரைபடத்தில் இல்லாத குழாய்

உலகத்துக் கட்டடங்களையெல்லாம் நனையாமல் காப்பாற்றிக்கொண்டிருப்பவர் சித்தப்பா ஒருவர்தான். கடலே அவரைக் கேட்டுவிட்டுத்தான் கரையோடு நிற்கிறது.

மற்றபடி அவர் நகராட்சி அலுவலகத்தின் குழாய்க்காரர். இருபத்தாறு வருடமாக அந்தக் கட்டடத்தோடு அவருக்கு ஜென்மப் பகை.

அதைக் கட்டிய நவீனக் கட்டடக் கலைஞர்களுக்கு அலங்காரம் என்றாலே ஆகாது. சுவர் மொழுமொழுவென்று, கூரை தட்டையாக, குழாய் கண்ணிலேயே படாமல் இருக்க வேண்டும். அதனால் மழைநீர்க் குழாயைத் தூணுக்குள் வைத்துக் கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். அதைப் பார்த்து நூலகம், பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி என்று ஊரெல்லாம் பெட்டி பெட்டியாக எழுந்தது. எல்லாத் தூணுக்கும் சேர்ந்தே வியர்த்தது.

தூணுக்குள் குழாய் வெடித்ததும், சித்தப்பா முன்சுவரில் ஒரு பச்சைக் குழாயை இறக்கினார். பதினொரு வருடம் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க வந்த நிபுணர் முதலில் முறைத்தது அந்தக் குழாயைத்தான்.

"இதை எடுத்துடுங்க. முகத்தையே கெடுக்குது."

"மூக்கு ஒழுகுனா மட்டும் முகம் லட்சணமா இருக்குமா சார்?"

"ஒரிஜினல் வரைபடத்துல இது இல்லை."

"வரைபடத்துல மழையும் இல்லீங்க."

நிபுணர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கையெழுத்தானால் குழாய் போய்விடும். சித்தப்பா மறுபடி வாளி தூக்க வேண்டும். அவர் முட்டி ஏற்கெனவே படியேறும்போது பழைய கதவாகக் கிறீச்சிடுகிறது. "சுத்தமான கோடாம், கோடு! அவன் படுக்கைக்கு மேல ஒழுகட்டும், அப்பத் தெரியும்," என்று மூன்று நாள் வீட்டில் அனல் பறந்தது.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். நிபுணர் முன்னதாகவே பச்சைக் குழாயை அடைத்து, கூரையில் தூண்குழாயின் பழைய வாயைத் திறக்கச் சொல்லியிருந்தார். "பாருங்க, ஒண்ணும் ஆகலையே" என்று அவர் தூணைத் தட்டினார். தூண் உச்சியிலிருந்து குபுகுபுவென்று கொட்டியது. கோப்பு, சட்டை, வழுக்கை எல்லாம் தெப்பம். குழாய் இருக்கட்டும் என்று நகராட்சித் தலைவர் அங்கேயே எழுதினார்.

கூரையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர்தான் காரணம்.

இதுவரை எழுதியதை வாங்கிப் படித்த சித்தப்பா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மழை பேஞ்சு இருபது நாளாச்சு. தேங்குச்சாம்! மாடித் தொட்டிக்கிட்ட தண்ணி ஓஸ் இடது பக்கமா சுருண்டு கெடந்துச்சேடி. நம்ம வீட்டுல யாருடி இடதுகைக்காரி?"

இதை எழுதிய அண்ணன் மகள் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பேனா இன்னும் அவளுடைய இடது கையில்தான் இருந்தது.