நங்கூரம் இல்லாத படகு

அந்தத் தீவு விடுதிக்கு வருகிறவர்கள் தங்கள் மனசாட்சிக்கும் சேர்த்து அறை எடுக்கிறவர்கள். விமானம் ஏறி, கார் ஏறி, படகு ஏறி வந்து இறங்கியதும், பழச்சாற்றில் பிளாஸ்டிக் குழாய் செருகியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இருக்காது. மரத்தால் கட்டிய சில குடில்கள், கூரையெல்லாம் சூரியத் தகடுகள், சோப்பிலிருந்து செருப்புவரை மண்ணில் மக்கிப்போகிற சாமான்கள். படகுகள்கூடச் சத்தமில்லாமல் பேட்டரியில் ஓடின. கை கழுவினால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை விளக்க ஒரு பலகை வேறு. கேலி செய்ய ஆரம்பித்தால் பொழுது போதாது. ஆனால் தீவைச் சுற்றியிருந்த பவளத்திட்டைப் பார்த்தவர்களுக்குக் கேலி செய்ய வாய் வராது. அது நிஜமாகவே உயிரோடு இருந்தது. அதற்குப் பாதிக் காரணம் கடல், மீதிக் காரணம் மிதவைக்காரர்.

படகுகள் நங்கூரம் போட்டால் பவளம் நொறுங்கும். அதனால் கடலடியில் கான்கிரீட் கட்டைகளை இறக்கி, அவற்றிலிருந்து கயிறு ஏற்றி, மேலே மிதவைகளை விட்டிருந்தார்கள். படகுகள் அவற்றில் கட்டிக்கொண்டு நிற்கும். கயிற்றில் படிந்த பாசியைச் சுரண்டுவதும், தேய்ந்த கயிற்றை மாற்றுவதும்தான் அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. கோபம் மட்டும் தாராளம். முன்பு ஒரு துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கலங்கல் தண்ணீரில் தன் கையே தனக்குத் தெரியாது. தடவித் தடவியே பாதி ஆயுள் போயிற்று. தீவுக்கு வந்து முதல் முறை முங்கி எழுந்த அன்று மணலில் உட்கார்ந்து அழுதார் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டால், கண்ணில் உப்புத்தண்ணீர் பட்டுவிட்டது என்பார்.

திட்டின் வெளிப்பக்கம், பெருங்கடலைப் பார்த்த சரிவில், குடைபோல விரிந்த ஒரு பெரிய பவளம் இருந்தது. அடி ஒடுங்கி, தலை அகன்று, எப்போதும் மீன்கள் மொய்த்துக்கொண்டிருக்கும். காற்றில்லாத நாட்களில் விருந்தினர்கள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். மிதவைக்காரர் தினமும் போவார். வெளுத்திருக்கிறதா, யாராவது தொட்டார்களா, புதுக் குருத்து விட்டிருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

அவருடைய மனைவிக்கு அதே விடுதியில் துணி வெளுக்கும் பகுதியில் பொறுப்பு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, வீட்டில் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று வந்து சேர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"எங்க வீட்டுக்காரரு தீவுல கால வச்சதும் சின்ன வீட்டுக்குத்தான் போவாரு" என்பாள், படுக்கை விரிப்பை உதறிக்கொண்டே. "எனக்கு ஒரு காய்ச்சல்னா ஒரு மாத்திரை. அவளுக்கு லேசா நிறம் மங்கினா இவரு ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாரு."

கூடியிருந்த பெண்கள் சிரிப்பார்கள். மிதவைக்காரரும் சிரித்துவிட்டுப் போவார். அவள் சொன்னதில் பொய் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

நங்கூர விவகாரம் அவர் இழுத்துவிட்டதுதான். ஒரு நாள் விருந்தினர் படகொன்று, மிதவையை எட்டிப் பிடிக்கச் சோம்பல்பட்டு நங்கூரத்தைப் போட்டுவிட்டது. ஒரு பவளக் கிளை முறிந்தது. முறிந்த துண்டும் கையுமாக, ஈரம் சொட்டச் சொட்ட, மேலாளரின் அறைக்குள் நுழைந்து சாமியாடிவிட்டார்.

"நங்கூரம்னு ஒண்ணு படகுல இருந்தா எவனாவது போடத்தான் சார் செய்வான். எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒண்ணு விடாம எடுத்துடுங்க."

மேலாளர் குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். முதலில் தயங்கினார், அப்புறம் யோசனை இனித்தது. 'நங்கூரமே இல்லாத தீவு' என்று விளம்பரத்திலும் போட்டுக்கொண்டார்கள். எல்லாப் படகுகளின் நங்கூரங்களும் கிடங்குக்குப் போயின. பணியாளர்களைக் கரைக்கு ஏற்றிப்போகும் படகின் ஓட்டுநர் மட்டும், பருத்த உடம்பும் பயந்த சுபாவமுமான மனிதர், தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, ஆத்திர அவசரத்துக்கு ஒண்ணாவது இருக்கட்டுமே."

"அவசரம்னா நான் இருக்கேன்ல" என்றார் மிதவைக்காரர். இப்படித்தான் தன் வாயாலேயே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் ஒரு வாரம் முழுக்க வானம் மூடிக்கிடந்தது. சூரியத் தகடுகள் சும்மா கிடந்தன. சேர்ந்த கொஞ்ச மின்சாரமும் குடில்களின் வெந்நீருக்கும், விருந்தினர் படகுக்கும் போயிற்று. மிச்சம் மீதிதான் பணியாளர் படகுக்கு. பிறகு ஒரு மதியம் வெயில் பளிச்சென்று அடித்தது. கூடவே கடலிலிருந்து காற்றும் கிளம்பியது. காலை வேலை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு பணியாளர் படகு புறப்பட்டது. துணி வெளுக்கும் பெண்கள், சமையலறை ஆட்கள், அவர்களோடு அவர் மனைவியும். திட்டில் படகு புகுந்து வெளியேற ஓர் இடைவெளி உண்டு. அங்கேதான் மிதவைக்காரர் தன் சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்து மிதவைக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார். கடந்து போகும்போது மனைவி கையை ஆட்டி, "சாயங்காலம் சீக்கிரம் வந்து சேருங்க" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்.

நிமிர்ந்தபோது அந்தப் படகு குறுக்காகத் திரும்பி நின்றது. பேட்டரி செத்துவிட்டது. ஓட்டுநர் கையைக் கையை வீசிக் கத்திக்கொண்டிருந்தார். இடைவெளியைத் தாண்டிச் சற்றுத் தூரம்தான் போயிருந்தார்கள். காற்றும் அலையும் சேர்ந்து படகைத் திட்டின் வெளிப்புறச் சுவரைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன. அங்கே அலை உடைந்து வெள்ளையாகக் கொட்டியது. எல்லாரும் மிதப்புச் சட்டை போட்டிருந்தார்கள். மிதப்புச் சட்டை ஒருவரை மூழ்காமல் காக்கும். அந்த அலையில் சிக்கினால் பவளத்தின் மேல் துருவியில் போட்ட மாதிரி தேய்த்துவிடும், அதற்குச் சட்டை என்ன செய்யும்? ஒரு நங்கூரம் இருந்திருந்தால் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். நங்கூரம் கிடங்கில் இருந்தது.

மிதவைக்காரர் கையிலிருந்த வேலையைப் போட்டார். புதுக் கயிற்றுச் சுருளோடு துடுப்பை வலித்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தார். படகை நெருங்கியதும் ஒரு முனையை வீசினார்.

"முன்னால இறுக்கிக் கட்டு! நான் இன்னொரு முனைய அடியில கட்டறேன்!"

"சாருக்குப் போன் பண்ணிட்டேண்ணே! வந்துக்கிட்டிருக்காராம்!"

"அவரு வர்றவரைக்கும் அலை காத்திருக்குமா? கட்டுடா!"

மனைவி படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. அவர் மறுமுனையைத் தோளில் போட்டுக்கொண்டு முங்கினார்.

கீழே எல்லாம் வெட்டவெளிச்சமாக இருந்தது. நேர் கீழே அந்தப் பெரிய பவளம். கயிறு சுற்றுவதற்கென்றே செய்ததுபோல ஒடுங்கிய அடிப்பாகம். சற்றுத் தள்ளி, எப்போதோ செத்து வெளுத்துப்போன ஒரு பழைய பாறை. அவர் செத்த பாறையின் பக்கம் திரும்பினார். யோசிக்காமல் திரும்பிவிட்டேன் என்று பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். அது பொய். யோசித்துத்தான் திரும்பினார்.

பாறையைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டு மேலே வந்தார். கயிறு விறைத்தது. படகு வெடுக்கென்று நின்றது. பெண்கள் கத்தினார்கள். அடுத்த அலையில் கயிறு தொய்ந்துபோயிற்று. முங்கிப் பார்த்தால், பாறை சுண்ணாம்புக் கட்டிபோல உதிர்ந்து கிடந்தது.

படகு மறுபடி நகர ஆரம்பித்தது. இப்போது அலை உடையும் சத்தத்தில் பேச்சுக் கேட்கவில்லை. நுரை பறந்து படகுக்குள் விழுந்தது. அவர் கயிற்று முனையைத் தேடிப் பிடித்துப் பெரிய பவளத்தை நோக்கி நீந்தினார். படகு தள்ளிப்போய்விட்டதால் கயிறு முன்போலத் தளர்வாக இல்லை. எட்டுமா எட்டாதா என்ற இழுபறி. மூச்சு முட்டியது, காதுக்குள் இரைந்தது. இரண்டு காலையும் அந்தப் பவளத்தின் மேல் ஊன்றி, யாரையும் தொடவிடாமல் காத்த அதன் மேலேயே மிதித்து, கயிற்றை இழுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். முடிச்சுப் போடுமளவுக்குத்தான் கயிறு மிச்சமிருந்தது.

கயிறு விறைத்தது. பவளம் அசையவில்லை. படகின் பின்பக்கத்துக்கும் வெள்ளையாகக் கொட்டிய அலைக்கும் இடையே ஒரு துடுப்பை நீட்டினால் தொடும் தூரம்தான் இருந்தது. ஆனால் நின்றது.

மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினார். பார்த்தால் இன்னொரு சங்கடம். ஒவ்வொரு அலைக்கும் கயிறு ரம்பம்போல முன்னும் பின்னும் இழுபட்டது. பவளத்தின் தோல் தூளாகக் கலைந்து தண்ணீரைக் கலக்கியது. அதன் கூர்முனைகள் பதிலுக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தன. ஒரு இழை பிரிந்து ஆடியது. ஒன்று கயிறு, இல்லை பவளம், இரண்டில் எது முதலில் போகும்? போட்டிருந்த சட்டையை உருவிச் சுருட்டி இடையில் திணித்தார். கயிற்றைக் காப்பாற்றத்தான் திணித்தார். 'தேயறதா இருந்தா நீ தேஞ்சு போ. கயிறு போகக்கூடாது' என்று பவளத்திடமே மனதுக்குள் கெஞ்சினார். அப்போது அதன்மேல் அவருக்குக் கொஞ்சமும் இரக்கம் இருக்கவில்லை.

விருந்தினர் படகு வந்தபோது அவர் எத்தனை தடவை இறங்கி ஏறியிருந்தார் என்று அவருக்கே நினைவில்லை. உள்ளே மேலாளர், நீச்சல் கண்ணாடியைக் கழற்றாத இரண்டு விருந்தினர்கள். பேட்டரி நிறைந்த படகு, தயங்காமல் பக்கத்தில் வந்து கயிறு வாங்கிக்கொண்டது. அடியில் கட்டிய கயிற்றை அவிழ்க்கும் முன்பே பணியாளர் படகை அலைக்கு எதிராக இழுத்த முதல் இழுப்பில் பவளத்தின் அகன்ற தலை அடியோடு சாய்ந்தது. மீன்கள் கலைந்து ஓடின. அதை அவர் ஒருவர்தான் பார்த்தார்.

எல்லாரும் பத்திரமாகத் தீவுக்கே திரும்பினார்கள். ஓட்டுநர் படகுத்துறையிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். மேலாளர் மிதவைக்காரரைத் தனியே கூப்பிட்டு, நடந்ததைக் கேட்டுக்கொண்டு, வழக்கமான மெல்லிய குரலில் பேசினார்.

"பெரிய பவளம் அலையில சாஞ்சிடுச்சுன்னு முதலாளிக்குச் சொல்லிக்கலாம். உங்க பேரு வராது."

"என் பேரு வரட்டும் சார். நங்கூரத்த எடுக்கச் சொன்னவன் நான், அதையும் சேத்துச் சொல்லுங்க. கிடங்குச் சாவிய மட்டும் இப்பக் குடுங்க."

சாவி வாங்கிப் போய்ப் பணியாளர் படகின் நங்கூரத்தைத் தானே தூக்கிவந்து வைத்தார். அதன் பிறகே, பேட்டரி ஏறியதும், மனைவியோடும் மற்றவர்களோடும் அதே படகில் கரைக்குப் போனார். வழியெல்லாம் மற்ற பெண்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். "அக்கா, குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் ஒருத்தி. மனைவி லேசாகச் சிரித்து வைத்தாள்.

வீட்டில் அவள் சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்தாள். அவர் உள்ளங்கை முழுக்கப் பவளம் கிழித்த கோடுகள். பிசைய முடியவில்லை. அவள் தட்டை வாங்கி, பிசைந்து, ஒரு கரண்டியைப் போட்டு அவர் முன்னால் நகர்த்தினாள்.

"மொதல்ல ஏங்க அந்தப் பக்கம் போனீங்க?"

கயிறு அந்தப் பக்கம்தான் எட்டியது என்று சொல்லியிருக்கலாம். படகில் கூடவே இருந்த ஓட்டுநரே நம்பிவிடுவார். அவளிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் எழவில்லை.

"அது செத்த பாறை. அதுல கட்டினா இது தப்பிச்சிடும்னு பார்த்தேன்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மேல இருந்து எனக்கு எல்லாம் தெரிஞ்சுதுங்க" என்றாள். "நீங்க அதைப் பார்த்தது, நின்னது, திரும்பினது, எல்லாமே. தண்ணி அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. நீங்கதானே அப்படி வச்சிருந்தீங்க."

பிறகு, சோறு ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள் என்றாள்.