சீனி இல்லாத வீட்டில் ஒரு கொலிப்ரி

அந்த ஆண்டு எங்கள் வீட்டில் சீனி இல்லை. மன்னாரில் காணாமல் போன மாமா, அம்மாவின் ஒரே தம்பி, உயிரோடு திரும்பும்வரை வீட்டுக்குள் சீனி வராது என்று அம்மா மாதாவுக்கு நேர்ந்திருந்தார். அம்மாவின் நேர்த்திகளில் ஒரு விசேஷம் உண்டு. அவர் நேருவார், வாயைக் கட்டுவது நாங்கள் எல்லோரும். எனக்கு எட்டு வயது. ஞாயிறு பூசை முடிந்து அப்பா கோப்பி வாங்கும் கடையில் சீனிப் பைக்கற்றுகளைக் களவாக எடுத்து, கோடைச் சப்பாத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றைப் பிரிக்கும்போதும் மாமாவுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பயமாக இருக்கும். ஆனாலும் பிரித்தேன்.

அப்பாவுக்கு நாங்கள் குடியேறிய பிரெஞ்சு பேசும் நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில், விமானத்தில் பூக்கள் வந்திறங்கும் குளிர்க்கிடங்கில் வேலை. மாசி மாதம், காதலர் தினத்துக்கான ரோசாக்கள் வந்து குவிந்த நாட்களில் ஒருநாள் பின்னேரம், வந்ததும் வராததுமாகத் தன் கையுறையைக் குசினி மேசையில் கவிழ்த்தார்.

"இஞ்ச பார் பிள்ளை. ரோசாப் பெட்டிக்குள்ள கிடந்தது. பாவம், செத்துப்போச்சு."

முதலில் வண்டு என்றே நினைத்தேன். பிறகுதான் சொண்டைக் கண்டேன். தையல் ஊசி அளவு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த கொலிப்ரி. தமிழில் ரீங்காரச் சிட்டு என்பார்கள். உள்ளங்கையில் எடுத்தேன். ஒரு நாணயக் குற்றியின் பாரம்கூட இல்லை. கறுப்பாகத் தெரிந்த கழுத்தை விளக்குப் பக்கம் திருப்பியதும் ஊதா நிறம் குப்பென்று பற்றிக்கொண்டது. அப்படி ஒரு ஊதாவை நான் பிறகு எங்கும் காணவில்லை.

வெளியே முழங்காலளவு பனி. பூச்சாடிக்குள் புதைக்கலாம் என்று, அதை ஒரு கைக்குள் பொத்திக்கொண்டு மறு கையால் கரண்டி தேடினேன். கைக்குள் ஏதோ அதிர்ந்தது.

"அம்மா, இது நடுங்குது!"

கடுகளவு கண் திறந்தது. உடம்பெல்லாம் உதறியது. ஆனால் தலை சரிந்துகொண்டே போயிற்று.

"உதுக்குச் சீனித் தண்ணி குடுக்கவேணும்," என்றார் அப்பா. சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

நான் ஓடிப்போய்ச் சப்பாத்தைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினேன். பதினொரு பைக்கற்றுகள்.

"ஆர் தந்தது?" அம்மா கேட்டார்.

"களவெடுத்தனான்."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அம்மா இளஞ்சூட்டுத் தண்ணீரில் சீனியைக் கரைத்தார். விரலைத் தோய்த்துத் தன் நாக்கில் வைத்தார்.

"இன்னும் ஒண்டு போடு."

ஐயோ, நேர்த்தி!

தேக்கரண்டிக்குள் சொண்டு இறங்கியது. நூல் போன்ற நாக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை போய்வந்தது. மூன்றாம் முறை குடித்ததோடு அது எழும்பியது. சிறகு தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. அப்பாவின் மூக்குக்கு நேரே அந்தரத்தில் அசையாமல் நின்றது. பிறகு பின்பக்கமாகப் பறந்தது. பின்பக்கமாக! அப்பா தொப்பியைக் கழற்றினார்.

அடுத்தநாள் நகரின் கிழக்கே, வெப்பநாட்டுச் செடிகளும் பறவைகளும் வளர்க்கும் ஒரு கண்ணாடித் தோட்டத்தில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கிருந்த பெண் நம்பமுடியாமல் தலையை ஆட்டி ஆட்டிப் பிரெஞ்சில் சொன்னதை நான்தான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். ரோசாக்கள் வந்த தேசத்தின் உயர்ந்த மலைக்காட்டுப் பறவையாம். அங்கே இரவில் கடும் குளிராம். அதனால் இரவானதும் தன் உடம்பை ஆறவிட்டு, நெஞ்சுத் துடிப்பையும் அடக்கிக் கிடக்குமாம். பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்பார்களாம். விடியும்போது தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு எழும்புமாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன்.

"மாமாவும் இப்பிடித்தானம்மா. பாக்கிறவைக்குத்தான் செத்தமாதிரி. பேந்து எழும்பி வருவார்."

"ஓம்," என்றார் அம்மா. என் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார். நான் அப்படியே நின்று, அம்மா விரலில் நக்கிய அந்தத் துளிச் சீனியைக் கணக்கில் எடுக்கவேண்டாம் என்று மாதாவிடம் மன்றாடினேன்.

மன்னாரிலிருந்து தொலைபேசி வந்தது தை மாதத்தில். கோயிலில் நான் முதல் தடவை நற்கருணை வாங்கும் முதல்நன்மை முடியும்வரை எனக்குச் சொல்வதில்லை, வீட்டில் சீனியும் வாங்குவதில்லை என்று அம்மாவும் அப்பாவும் தீர்மானித்திருந்தார்கள். அம்மா அந்தச் சீனித் தண்ணீரை ருசி பார்த்தபோது, மாமாவை அடக்கம்பண்ணி மூன்று கிழமை ஆகியிருந்தது.