வெர்சோவாவில் ஒரு தேங்காயும் நூறு அலைகளும்

உலகச் சண்டை முடிந்த வருஷம், தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நானும் என் அண்ணனும் தாராவியிலிருந்து வெர்சோவா கடற்கரைக்குப் போய்வந்தோம். காலை ஆறரைக்குக் கிளம்பி மாலை நாலரைக்கு வீடு திரும்பினோம். இருவருக்குமாகச் சேர்த்து ஆன செலவு மூன்று ரூபாய். அதில் நாலணா ஒரு தேங்காய்க்கு. அந்தத் தேங்காயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் எழுதப்போகிறேன்.

தாராவியில் இருப்பவர்களுக்குக் கடல் என்ன தூரமா என்று கேட்கலாம். மாஹிம் கரை எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. ஆனால் அங்கே தண்ணீர் சேறு கலந்து குளம்போல் கிடக்கும். எனக்குத் திறந்த கடல் வேண்டியிருந்தது. அதில் போக ஒரு படகும் வேண்டியிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதுங்காவில் நம்மவர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆறு மாதமாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அப்பா தோல் கிடங்கில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை. பட்டம் வாங்கிவிட்டேனே தவிர, நான் பேசினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. தீபாவளி விடுமுறைக்கு முந்தின வாரம் ஏழாம் வகுப்பில் கடல் அலைகளைப் பற்றிய பாடம். தலைமையாசிரியை அம்மாள் பின்னால் வந்து உட்கார்ந்திருந்தார். என் வேலை நிரந்தரமாவது அவர் எழுதும் குறிப்பைப் பொறுத்தது.

பாடம் முடியும் நேரத்தில் பேச்சியம்மா எழுந்தாள். அவளும் தாராவிப் பெண்தான். “டீச்சர், ராவும் பகலும் அலை கரைக்கு வந்துக்கிட்டே இருக்கே. அம்புட்டுத் தண்ணியும் எங்க போவுது?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. “மணல் உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு பூமிக்கடியிலேயே கடலுக்குத் திரும்புகிறது” என்றேன். அப்படிச் சொன்னபோது மட்டும் என் குரல் எப்படியோ உரக்க வந்தது. முப்பத்துநாலு பெண்களும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தலைமையாசிரியை தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார்.

வீடு வந்து சேர்வதற்குள்ளேயே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. கடலோரத்தில் கையால் ஒரு சாண் தோண்டினால் தண்ணீர் நிற்கிறது. ஏற்கெனவே நனைந்து கிடக்கும் மணல் இன்னும் எதை உறிஞ்சும்? கல்லூரிப் புத்தகத்தைப் புரட்டினேன். அலையில் நீர் பயணம் செய்வதில்லை, அசைவுதான் பயணம் செய்கிறது என்று ஒரே ஒரு வரி இருந்தது. கண்ணெதிரே தண்ணீர் ஓடி வந்து காலை நனைக்கிறதே, அதை எப்படி நம்புவது? என் கண்ணால் பார்க்காமல் இன்னொரு முறை அந்த வகுப்பில் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அண்ணன் ஒரு பட்டறையில் ஃபிட்டர். சண்டைக் காலத்தில் ஞாயிறும் வேலை இருந்தது. இப்போது ஞாயிறு ஓய்வு என்பதால் துணைக்கு வரச் சம்மதித்தான். மாஹிம் ஸ்டேஷனில் ஆறு நாற்பத்தைந்துக்கு வண்டி ஏறினோம். அந்தேரிக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு இரண்டரை அணா. ஏறக்குறைய ஆறு மைல் தூரத்துக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. பாந்த்ரா தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. அங்கேதான் விஷயத்தை அவனிடம் முழுவதும் சொன்னேன்.

“ஏட்டி, நீ சொன்னது தப்புன்னு அந்தப் பெரிய டீச்சருக்கே தெரியல. வேலை நிரந்தரமாவட்டும். பொறவு ஒருநா மெதுவாத் திருத்திக்கிடலாம்” என்றான்.

“முப்பத்துநாலு பிள்ளைய நோட்டுல எழுதியிருக்குண்ணே.”

“எழுதுனா என்ன? அதுக கடலுக்குள்ளயா போயி குடும்பம் நடத்தப்போவுது?”

சிரிப்பு வந்தாலும் அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. நான் படிப்பதற்காக அவன் எட்டாவதோடு நின்றவன். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால்தான் பதில் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தேரி ஸ்டேஷன் வாசலில் டாங்கா என்னும் குதிரை வண்டிகள் நிற்கும். வெர்சோவாவுக்கு மூன்றரை மைல். வண்டிக்காரர் ஆளுக்கு ஆறணா கேட்டார். அண்ணன் நடந்தே போகிற மாதிரி பாவனை செய்ததும் ஆளுக்கு நாலணாவுக்கு ஒப்புக்கொண்டார். இருபக்கமும் உப்பங்கழியும் பனைமரங்களுமாக வழி அழகாயிருக்கிறது. எட்டரை மணிக்குக் கோலி மீனவர்களின் குப்பத்தில் இறங்கினோம். கருவாடு காயும் வாசனை வண்டி நிற்பதற்கு முன்பே வந்துவிடும். கைக்குட்டை கொண்டுபோவது நல்லது.

கடலைப் பார்த்ததும் முதலில் எனக்கு ஏமாற்றம். காற்று துளியும் இல்லை. காய்கிற வலை ஒன்றுகூட அசையவில்லை. இருந்தும் அலை வந்துகொண்டே இருந்தது. அண்ணனின் கைக்கடிகாரத்தை வாங்கி எண்ணினேன். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் ஒன்பது விநாடி. பத்து முறை எண்ணியதில் ஒன்றிரண்டு விநாடிதான் முன்னே பின்னே இருந்தது. காற்றினால் அலை உண்டாகிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். காற்றில்லாத காலையில் இவ்வளவு ஒழுங்காக அலையை அனுப்புவது யார்?

கரையிலிருந்து சற்றுத் தள்ளி, வலைகளுக்கு அடையாளமாக மரமிதவைகள் வரிசையாக மிதந்தன. அலை ஒன்று வரும்போது முதல் மிதவை ஏறி இறங்கியது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கும் அடுத்தது. அலை கடந்து போனபின் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. தண்ணீர் வரவில்லை, அசைவுதான் வருகிறது, இதோ கண்ணால் பார்த்துவிட்டேன் என்று அண்ணன் கையைப் பிடித்து ஆட்டினேன்.

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். “அதைக் கயிறு போட்டு அடியில கெட்டியிருக்கான்லா. கெட்டிப்போட்ட மாடு எங்க நவுரும்?”

நாலு வருஷம் கல்லூரியில் படித்த எனக்கு இது தோன்றவில்லை. கட்டாத பொருள் ஒன்று வேண்டும். குப்பத்துக் கடையில் ஒரு முழுத் தேங்காய் வாங்கினோம். படகு ஒன்றைப் பேசுவதற்கு அரைமணி ஆயிற்று. முப்பது வயது மதிக்கத்தக்க படகுக்காரர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபாய் கேட்டார். அண்ணன் ஹிந்தியில் எவ்வளவு வாதாடியும் அவர் இறங்கவில்லை. நான் வழக்கம்போல் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்குக் கழிமுகம் வழியாகக் கடலுக்குள் போனோம். மிதவைகளுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தினார். அங்கே அலை உடைவதில்லை. வழவழப்பான மேடு ஒன்று வந்து படகைத் தூக்கி, பிறகு இறக்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஐந்தாவது மேட்டில் அண்ணன் பேச்சை நிறுத்தினான். பத்தாவதில் படகின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டான். காலையில் சாப்பிட்ட சப்பாத்தி கடலுக்குப் போயிற்று. “கடல் ஆடுதா, நான் ஆடுதனா?” என்று மெல்லக் கேட்டுவிட்டு அப்படியே படுத்துவிட்டான். எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அண்ணன் படுத்துவிட்டதால் இனி நானேதான் பேசவேண்டும். இங்கே காற்றே இல்லையே, அலை எங்கிருந்து வருகிறது என்று உடைந்த ஹிந்தியில் படகுக்காரரிடம் கேட்டேன். அவர் மேற்கே மோவாயால் காட்டி, “உதர் ஹவா ஹை” என்றார். அங்கே காற்று அடிக்கிறது என்று அர்த்தம். அந்தக் காற்று நாளைக்கு இங்கே வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், ஆனால் அலை முன்னால் வந்துவிடும் என்றார். வானமும் கடலும் சேருமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் அப்பால் எங்கோ ஒரு காற்று தண்ணீரைத் தள்ளியிருக்கிறது. அது தள்ளிய வேகம், காற்றை விட்டுப் பிரிந்து, தனியாக இத்தனை தூரம் வந்து என் காலுக்கடியில் படகைத் தூக்குகிறது.

தேங்காயைத் தண்ணீரில் விட்டேன். படகுக்காரர் உடனே தொப்பியைக் கழற்றிக் கைகூப்பினார். வேண்டுதல் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று விளக்க எனக்கு ஹிந்தி போதவில்லை.

கட்டிப்போட்ட மிதவை அந்த நேரத்தில்தான் பயன்பட்டது. அதற்குப் பக்கத்தில் கட்டாத தேங்காய். அலை வந்தபோது தேங்காய் மேலேறிக் கரைப்பக்கமாகச் சிறிது போயிற்று. அலை கடந்ததும் இறங்கி, போன அளவு திரும்பிவந்தது. ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தாற்போல் இருந்தது. அலை மட்டும் நிற்காமல் கரைக்குப் போய்விட்டது.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நூறு அலைகள், கால்மணி நேரம். நிமிர்ந்து பார்த்தபோது தேங்காய் மிதவையை விட்டு விலகி வெகுதூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அது போயிருந்தது கரைப்பக்கம் அல்ல. நூறு அலைகளும் கரைக்குப் போயிருக்க, தேங்காய் கடலுக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. இப்போது நீர் வற்றும் நேரம், கழித் தண்ணீர் வெளியே இழுக்கிறது என்றார் படகுக்காரர். அலை போகும் திசை வேறு, தண்ணீர் போகும் திசை வேறு. எந்தப் புத்தகமும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. தேங்காயை எடுத்துத் தாருங்கள் என்றேன். கடலுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கக்கூடாது என்று மறுத்துவிட்டார்.

கரைக்கு வந்ததும் அண்ணன் மணலில் படுத்துத் தூங்கினான். நான் கணுக்கால் தண்ணீரில் நின்றேன். ஆழத்தில் மேடாக வந்த அலை, தரை நெருங்க நெருங்க உயர்ந்தது. அதன் அடிப்பாகம் தரையில் இடறித் தாமதிக்க, மேல்பாகம் முந்திக்கொண்டு கவிழ்ந்தது. கவிழ்ந்த தண்ணீர் மட்டும் மணலில் ஓடி ஏறியது, பிறகு என் குதிகாலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு, அடுத்த அலைக்குக் கீழே திரும்பிப் போயிற்று. பேச்சியம்மா கேட்ட தண்ணீர் இதுதான். வந்த வழியே போய்க்கொண்டிருக்கிறது.

பன்னிரண்டரை மணிக்குக் கடற்காற்று எழுந்தது. வழவழப்பான நீரில் முதலில் புல்லரித்தாற்போல் சிறு சுருக்கங்கள். அரைமணியில் அவை விரற்கடை உயரச் சிற்றலைகளாகி, பழைய பெரிய அலைகளின் முதுகில் ஏறிக்கொண்டன. அலை பிறப்பதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பினோம். இருவருக்கும் டீ இரண்டணா.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தில் போகாதீர்கள், படகுகள் கரையேறியிருக்கும். பஞ்சாங்கம் பார்த்து சப்தமி, அஷ்டமியை ஒட்டிப் போனால், நடுப்பகலில் நீர் வற்றியிருக்கும், காலையில் தேங்காய் வெளியே போவதைப் பார்க்கலாம். பௌர்ணமியன்று நடுப்பகலில் கடல் நிறைந்திருக்கும், காலையில் நீர் உள்ளே ஏறுவதால் தேங்காயும் கரைக்கே வந்து உங்களை ஏமாற்றிவிடும். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். படகில் ஏறுமுன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். இது அண்ணனின் யோசனை.

பள்ளி திறந்து நடந்ததையும் சொல்லவேண்டும், பயணம் அதற்காகத்தானே. இரண்டாம் நாள் ஏழாம் வகுப்பில் தலைமையாசிரியை மறுபடி வந்து உட்கார்ந்தார். வேலை நிரந்தரமாகட்டும் என்று அண்ணன் சொன்னது நினைவில் இருந்தது. முதல் பெஞ்சுப் பெண்களை ஒருவர் பின் ஒருவராக எழுந்து உட்காரச் சொன்னேன். எழுச்சி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. “ஆளு நவுரல. எழும்புறதுதான் நவுருது” என்றாள் பேச்சியம்மா. தேங்காய்க் கதையைச் சொன்னேன். பிறகு, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, தெரியாமலே சொன்னேன், நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றேன். முப்பத்துநாலு பேனாக்கள் கீறும் சத்தம் கேட்டது.

பின்னாலிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது. “அடிக்கறதை ஸ்கேல் வெச்சு நேரா அடிக்கச் சொல்லுங்கோ.”

சாயங்காலம் தம் அறைக்குக் கூப்பிட்டார். “திருத்தினது சரி. ஆனா தெரியாததைத் தெரிஞ்சாப்போல சொன்னேளே, நானும் நம்பி எழுதிண்டேன். இன்னும் மூணு மாசம் பார்க்கறேன்” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. அண்ணன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்த வரியை எல்லாரும் அடித்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டான். அடித்துவிட்டார்கள் என்றேன்.

போன வாரம் பேச்சியம்மா மறுபடியும் எழுந்தாள். சின்னச் சின்ன அலையாக வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒன்று மட்டும் பெரிதாக வருகிறதே, அது ஏன் என்று கேட்டாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியை வாசலருகே நின்றார்.

“தெரியாது. பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்றேன், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி.