அஞ்சலை சொன்னதும் நான் சொன்னதும்

இன்று காலை துரை பங்களா முன்னால் நான் செய்த காரியத்தை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் என்று சொல்லி, வெள்ளைக்கார அரசாங்கத்தார் கேமரன் மலையில் சிதறிக் கிடக்கும் எங்கள் தோட்டத்து லயங்களை, கூலிக்காரர்களின் வரிசை வீடுகளை, காலி செய்து, தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டி முள்வேலிக்குள் இருநூறு வீடு கட்டப்போகிறார்கள். அது வேண்டாமென்று மேல் லயத்துக்காரர்கள் திரண்டு வந்தார்கள். அவர்கள் பேசுவதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்வது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான என் வேலை.

கொழுந்து பறிக்கும் அஞ்சலைதான் பேசினாள்.

"வேலிக்குள்ள நாங்க வரமாட்டோம் தொரை. மாடு, காய்கறித் தோட்டம் எல்லாம் மேலதான் இருக்கு. நாங்க என்னா கைதியா?"

துரை பக்கத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் நோட்டோடு நின்றார். எதிர்த்துப் பேசினால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுக்கிறவர் என்று எழுதிக்கொள்ளும் காலம் இது.

"மாட்டுக்கும் கொட்டகை கட்டித் தந்தால் வருகிறார்களாம்" என்று துரையிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

துரை சிரித்தார். கொட்டகை உண்டு, அடுத்த மாதமே குடிபோகலாம் என்றார்.

"தொரை என்னா சொல்றாரு கிராணி ஐயா?"

"யோசிச்சுச் சொல்றாராம் லா."

அஞ்சலை கும்பிட்டாள். "உங்க வாயாலதான் நாங்க பொழைச்சோம்." சாயங்காலம் தன் தோட்டத்துப் பூசணிக்காய் ஒன்றை என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் பெயர் போலீஸ் நோட்டில் ஏறக்கூடாதென்றுதான் அப்படிச் செய்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. என் பெயரும் ஏறிவிடுமோ என்று பயந்தேன்.

நாளை அவளிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இரண்டு மொழி தெரியும். இதை எந்த மொழியில் சொல்வதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.