கடலின் மேல் போட்ட பழி

நான் இரண்டாம் வகுப்புவரைதான் படித்தவள். என்றாலும் இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

சுனாமியில் கல்குடாவில் எங்கள் மீன் வேனுக்குள் கடல் புகுந்தது. மகன் கழுவித் துடைத்து ஓடவைத்தான். அதன் பிறகு வேனுக்கு எது வந்தாலும் கடலின் மேல்தான் பழி போட்டோம்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் நான். யுத்தம் முடிந்த வருடம் தண்ணீர் தினமும் குறைந்தது, வேனுக்குக் கீழே நிலத்திலோ ஒரு சொட்டு ஈரமில்லை. பின்னால் வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் ஒயில் மூடியைத் திறந்தால் பால்தேத்தண்ணி நிறத்தில் நுரை.

"மனே, இஞ்ச பார், பால் மாதிரி நுரை. ஒயிலுக்குள்ள தண்ணி போகுதுடா," என்றேன்.

"வேன் என்ன பசுமாடா அம்மா, பால் சுரக்க? கடல் தண்ணி குடிச்ச வண்டி, அப்பிடித்தான் கிடக்கும்," என்று சிரித்தான்.

ரோசத்தில் நான் பிறகு வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் என் கணவருக்கு வாய் கோணி வலது கை உணர்வற்று விழுந்துவிட்டது. அதே வேனில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, வழியில் கிரான் ஊருக்குப் பக்கத்தில் எஞ்சின் கொதித்து நின்றது. மூன்று மணித்தியாலம் கழித்து, நெல் ஏற்றிவந்த உழவு இயந்திரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

"முந்தியே வந்திருக்கலாமே," என்றார் டொக்டர்.

பிறகு எஞ்சினைக் கழற்றிய மெக்கானிக், "தண்ணியையும் ஒயிலையும் பிரிச்சு வைக்கிற ஹெட் கேஸ்கட் போய்க் கனநாள். ஒயில் மூடியைப் பார்க்கல்லையா?" என்று கேட்டார். மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கணவரின் வலை வீசிய கை பிறகு எழும்பவேயில்லை. இப்போது நான்தான் சோறு ஊட்டுகிறேன். வாடகை வேன் வந்தாலும் ஒயில் மூடியைத் திறந்து காட்டச் சொல்கிறேன். சாரதிமார் சிரிப்பார்கள். சிரித்து முடியும்வரை ஏறாமல் நிற்பேன்.