அம்மா பொறுக்கிய சிறுகிழங்கு

சிறுகிழங்கைக் கழுவித் துடைத்து, கண்ணாடித்தாள் சுற்றி விற்கிறார்கள் இப்போது. போன வாரம் சென்னையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய கடையில் பார்த்தேன். தாளைக் கொஞ்சம் கிழித்து மோந்தேன். மண் வாசனை துளிகூட இல்லை. கடையில் வேலை பார்க்கும் பெண் முறைத்தாள். நானும் முறைத்தேன். இந்த வயதில் எனக்கு முறைக்க நன்றாக வருகிறது.

உங்களுக்குச் சிறுகிழங்கு பழக்கமில்லாமல் இருக்கலாம். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், கறுத்த தோல், உடம்பெல்லாம் சேறு. தாமிரபரணிப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் சந்தைக்கு வரும். சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோலை எடுக்க வேண்டும். தேங்காய் போட்டுப் பொரியல் வைத்தால் வேறு எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு அது உயிர். ஆனால் அப்பாவுக்கு ஆகாது. ‘வாயு’ என்பார். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்ததில்லை.

அவளே வாங்கிக்கொள்வதற்கென்ன என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது. எங்கள் தெருவில் வாத்தியாரானாலும் சரி, கோயில் ஐயரானாலும் சரி, சந்தைக்கு ஆண்கள்தான் போவார்கள். வாரத்துக்கு ஒருநாள் பையோடு முக்கூடலுக்கு பஸ் ஏறுவார்கள். பையில் எது வந்ததோ அதைப் பெண்கள் சமைப்பார்கள். அம்மாவின் புளிக்குழம்பு வாசனைக்குத் தெருவே மூக்கைத் தூக்கும், ஆனால் ஒரு கத்தரிக்காயைக்கூட அவள் தானாகப் பார்த்து எடுத்ததில்லை. இதற்கு மரியாதை என்று பேர் வைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா இறந்துபோனார். நான் பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, தன் வீட்டுக்கு வாங்கும்போதே எங்களுக்கும் ஒரு பை வாங்கி அனுப்பினார். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் புடலங்காய், தடியங்காய், மறுவாரம் மறுபடியும் புடலங்காய். மார்கழி பிறந்ததும் ஒருநாள் அம்மா அந்தப் பையை அப்படியே என் கையில் கொடுத்தாள்.

“பெரியப்பாட்ட கொடுத்துட்டு வா. இனிமே நானே போய் வாங்கிக்கிடுதேன்னு சொல்லு.”

பெரியப்பா வீட்டு முற்றத்தில் பையை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன். பெண்ணுரிமை பற்றிக் கல்லூரியில் பேசிப் பரிசு வாங்கியிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அப்பாவின் வருஷத் திவசம்கூடக் கழியவில்லை. அம்மா பஸ் ஏறினாள், பின்னாலேயே நானும். சந்தைக்குள் நுழைந்ததும் கொத்தமல்லி வாசனையும் மாட்டுவண்டி வாசனையும் கலந்து அடித்தது. அம்மா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். ஒவ்வொரு காயையும் அவளுக்குத் தெரியும், அவ்வளவையும் ஒரே இடத்தில் குவித்துப் பார்த்ததில்லை. தன் தோட்டத்துக் காயைப் பரப்பி வைத்திருந்த பேச்சியம்மாளிடம்தான் முதலில் போனோம்.

“கத்தரிக்கா எவ்வளவும்மா போடட்டும்?”

“ஒரு புளிக்கொழம்புக்குப் போடு” என்றாள் அம்மா.

கிலோக் கணக்கு அவளுக்குத் தெரியாது. அதெல்லாம் அப்பாவின் இலாகா. பேச்சியம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“எங்க வீட்டுக் கொழம்புக்கா, உங்க வீட்டுக் கொழம்புக்கா? எங்க வீட்டுல ஒம்போது பேரு இருக்கோம்.”

“எங்க வீட்டுல மூணு பேரு. ஆனா என் மவன் ரெண்டு பேரு சாப்பாடு சாப்பிடுவான்.”

பக்கத்துக் கடைக்காரர்களும் சிரித்தார்கள். அம்மா கூசவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எனக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக, ஒவ்வொரு கத்தரிக்காயாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுத்தாள். அடுத்து சிறுகிழங்குக் குவியலுக்கு நகர்ந்தாள். அப்போதுதான் குடையும் கையுமாகப் பெரியப்பா வந்து நின்றார்.

பெரியப்பா இருக்கிற இடத்தில் அம்மா நிற்கக்கூட மாட்டாள், கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அவரும் அவளிடம் நேராகப் பேசினதில்லை. அன்றைக்கும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஏட்டி, உங்கம்மாவக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ. ஆம்பள இல்லாத வீடுன்னு ஊர் பேசுததுக்கா? நான் என்ன செத்தா போயிட்டேன்?”

சந்தை திரும்பிப் பார்த்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. பையை மட்டும் அவர் பக்கமாக நீட்டினாள்.

“அத்தான், இத இப்படிப் பிடிங்க. கெழங்கு பொறுக்கணும்.”

கணவனின் அண்ணனை எங்கள் பக்கம் அத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் அவள் அவரிடம் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. பெரியப்பாவின் கை தானாக நீண்டு பையை வாங்கிக்கொண்டது. எத்தனை வருஷமாகச் சந்தையில் பை பிடித்துப் பழகிய கை! வாங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது, முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கீழே போடவில்லை. அம்மா அவசரமே படாமல் பொறுக்கினாள்.

“பெருசு வேண்டாம். முத்தல்” என்றார், பொறுக்க முடியாமல்.

“சமைக்கப் போறது நான், அத்தான்.”

அதற்குப் பிறகு அவர் பல மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தெரு என்னென்னவோ பேசியது. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு எங்களை அழைக்கவும் இல்லை. அம்மாவுக்கு அது வலித்தது, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வாரம்கூட அவள் சந்தையை விடவில்லை. தை பிறந்தபோது அடுத்த வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டாள், “மயினி, நாளைக்கு நானும் வரட்டா?” பங்குனியில் எங்கள் தெருப் பெண்களே பஸ்ஸில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை இப்போது. அந்தச் சந்தையும் இல்லை. காயெல்லாம் வேனில் ஏறி எங்கேயோ போகிறது. சந்தை இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். போன ஆவணியில் அங்கே ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே பெரியப்பாவின் மூத்த மகன். இலையில் அவியல் விழுந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

“அந்தக் காலத்துல நம்ம வீட்டுப் பொம்பளைங்க வாசப்படி தாண்டுனதில்ல. என்னா மரியாதையா இருந்தாங்க! இப்ப எல்லாம் போச்சு.”

சந்தை போனதற்கு நான் எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். இந்த மரியாதை போனதற்கு ஒருநாளும் வருத்தப்பட மாட்டேன்.

“அண்ணே, இப்ப நீங்க எல போட்டு உக்காந்திருக்க எடத்துலதான், உங்கப்பா எங்கம்மாவுக்குப் பை பிடிச்சுக்கிட்டு நின்னாங்க” என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி.