பெண்கள் இருக்கை

எண்பதுகளில் குண்டு எறிதலுக்காக வெளிநாடு போனேன். போட்டிக்கு முன், பெண்தானா என்று எங்களைச் சோதித்தார்கள். என் சோதனை முடிவில் சந்தேகம் என்று சொல்லி, எறியவிடாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு முன்னால் செய்தி எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

செத்துப்போகலாம் என்றுதான் வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறினேன். பெண்கள் இருக்கையில் இருந்தவர்கள் என்னைக் கண்டதும் இடத்தை அடைத்து உட்கார்ந்தார்கள்.

கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி மட்டும் நகர்ந்தாள். "இங்கன இரி மக்கா."

"நான் யாருன்னு தெரியுமாக்கா?"

"தெரியும். பிள்ளையச் சித்த பிடி, எனக்குக் கை வலிக்கு."

தூங்கும் குழந்தையை என் மடியில் கிடத்தினாள். அவள் இறங்கும்வரை நான் அசையவில்லை.

அதே பஸ்ஸில் வீடு திரும்பினேன். பிறகு யாரும் என்னை எறிய விடவில்லை. எந்தச் சோதனையும் கேட்காமல் என்னை நம்பியவள் அவள் ஒருத்திதான்.